மஃப்டியில் போகும்போது வாக்கி டாக்கியை எப்படி அமைத்துக்கொள்வது? வட சென்னைக் களத்துக்கான கேள்வி பதில்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் மஃப்டியில், அதாவது சீருடை இல்லாமல், கண்காணிப்புக்குப் போகிற போலீஸ்காரர்கள் வாக்கி டாக்கியைப் பற்றி வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. கம்பெனியும் மாடலும் மாறினால் மெனுவின் பெயர் மாறும், விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டில், அதாவது வாக்கி டாக்கியில், நீங்கள் அணைக்கிற ஒவ்வொரு சத்தமும் இதுவரை உங்களுக்கு ஏதோ ஒரு தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தகவல் இனி எந்த வழியாக வரும் என்பதை முடிவு செய்துகொண்டு, அப்புறம் அணையுங்கள்.

கையில் செல்போன் இருக்கும்போது வாக்கி டாக்கி எதற்கு?

தனியாக ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் செல்போனே போதும். ரேடியோ வேலைக்காரனே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். போனைக் காதில் வைத்து முணுமுணுக்கிற ஆளை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைவிட நல்ல வேஷம் கிடையாது.

ஆள் நகரத் தொடங்கியதும் நிலைமை மாறும். தீபாவளி நேரத்து எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் பிக்பாக்கெட் ஒருவனை நான்கு பேர் நான்கு பக்கம் நின்று பார்க்கிறீர்கள். 'பச்சை சட்டை, வலது சந்துல திரும்பிட்டான்' என்ற ஒரு வரி நான்கு பேருக்கும் அதே நொடியில் போய்ச் சேர வேண்டும். நம்பர் போட்டு, ரிங் போய், எடுத்தவர் 'எங்கண்ணே?' என்று கேட்பதற்குள் அவன் அடுத்த தெருவில் இருப்பான். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலோ, படிப்பதற்குக் குனிந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் கண் அவனை விட்டுப் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் படுத்துவிட்டது. பெரிய கூட்டம் கூடும் இடங்களிலும் நெட்வொர்க் திணறும். இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

செட்டை மஃப்டிக்கு மாற்றும்போது முதலில் எதில் கைவைப்பது?

சத்தத்தில். என்கிரிப்ஷனைப் பற்றி, அதாவது பேச்சை வெளியாட்களுக்குப் புரியாதபடி பூட்டுவதைப் பற்றி, அரைமணி நேரம் கேட்பவர்கள்கூட, செட்டை ஆன் செய்ததும் அது டிங்-டிங் என்று பாடுவதை மறந்துவிடுகிறார்கள்.

ஆன் செய்யும்போது வரும் இசை, பட்டனைத் தொட்டால் வரும் பீப், சேனல் திருப்பும்போது 'சேனல் த்ரீ' என்று ஒரு பெண் குரல் அறிவிப்பது, பேசி முடித்ததும் ஒலிக்கும் பீப், பேட்டரி குறையும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை வரும் கீச்சொலி, சிக்னல் எல்லைக்கு வெளியே போனால் வரும் எச்சரிக்கை. இதெல்லாம் செட்டின் அமைப்புக் கோப்பில், அதாவது டெக்னிக்கல் ஆட்கள் கோட்பிளக் என்று சொல்வதில், தனித்தனி வரியாக இருக்கும். சில மாடல்களில் எல்லாவற்றையும் ஒரே அடியில் அணைக்க ஒரு தேர்வு இருக்கும். பல செட்டுகளில் அதற்குக் கண்காணிப்பு முறை, மறைவு முறை என்கிற பொருளில் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள்.

அடுத்தது வெளிச்சம். மேலே இருக்கிற எல்.இ.டி. பல மாடல்களில் பேசும்போது சிவப்பாகவும் கேட்கும்போது பச்சையாகவும் மின்னும். பகலில் ஒன்றும் தெரியாது. கொருக்குப்பேட்டை ரயில் பாதையை ஒட்டி விளக்கில்லாத சந்தில் இரவு பதினொரு மணிக்கு நின்றால், மெல்லிய சட்டைப் பைக்குள்ளிருந்தும் அது தெரியும். திரையின் பின்விளக்கையும் சேர்த்தே அணைக்கச் சொல்லுங்கள். எல்.இ.டி. மேல் கறுப்பு டேப் ஒட்டுவது அவசரத்துக்கு உதவும், வியர்வையில் உரிந்துவிடும்.

எல்லா பீப்பையும் அணைத்துவிட்டால் வேலை முடிந்ததா?

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள்.

டிஜிட்டல் செட்டில் பி.டி.டி. பட்டனை, அதாவது பேசுவதற்கு அழுத்தும் பட்டனை, அழுத்தியதும் ஒரு சின்ன 'டிடிட்' வரும். சேனல் கிடைத்துவிட்டது, இனிப் பேசலாம் என்று அதற்குப் பொருள். அது இல்லையென்றால் அழுத்திய உடனே பேசத் தொடங்குவீர்கள், முதல் சொல் வெட்டுப்படும். 'போகல, இங்கதான் நிக்கிறான்' என்பதில் முதல் சொல் போனாலும் பரவாயில்லை. 'பின்னாடி நிக்கிறவனைப் பிடிங்க' என்பதில் முதல் சொல் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த ஓர் ஒலியை மட்டும் இயர்போனில் மெதுவாக வரும்படி விட்டுவைக்கச் சொல்வேன். அதையும் அணைத்தே ஆக வேண்டும் என்றால், அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசும் பழக்கம் டீம் முழுவதற்கும் வந்திருக்க வேண்டும். பழக்கம் வராத டீமுக்கு அந்த அமைப்பைக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி எச்சரிக்கைக்கும் இதே நிலைதான். அணைத்துவிட்டால் செட் சத்தமில்லாமல் செத்துப்போகும். அரைமணி நேரமாக யாரும் பேசவில்லையே, எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதிர்வு வசதி உள்ள செட்டோ கிளிப்போ இருந்தால் எச்சரிக்கையை அதற்கு மாற்றலாம். இல்லையென்றால் டியூட்டிக்குப் போகும்போதே முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போடுவது, பாதி நேரத்தில் யாராவது ஒருவர் மாற்று பேட்டரி கொண்டுவருவது என்று நடைமுறை வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிகள் சொல்லும் பேட்டரி நேரம் பெரும்பாலும் 5-5-90 கணக்கு, அதாவது நூற்றில் ஐந்து பங்கு பேச்சு, ஐந்து பங்கு கேட்பு, மீதி சும்மா இருப்பது. ஒரு துரத்தலில் இந்தக் கணக்கு நிற்காது.

ஒலியளவுக் குமிழை முழுக்கக் குறைத்தாலும் ஏதாவது ஒரு குறைந்தபட்ச ஒலி வரும்படி அமைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில செட்டுகளில் எச்சரிக்கை ஒலிக்கென்று தனி அளவு உண்டு. குமிழ் கீழே இருந்தாலும் அது தன் பாட்டுக்குக் கத்தும்.

காதில் எதைப் போடலாம்?

சுருள்சுருளாக முதுகுப் பக்கம் இறங்கும் அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் இயர்போனைப் போடாதீர்கள். வி.ஐ.பி. பந்தோபஸ்தில் சஃபாரி சூட் போட்டவர்கள் காதில் அதைப் பார்க்காத குழந்தைகூடத் தமிழ்நாட்டில் கிடையாது. காசிமேடு ஏலக் கூடத்தில் விடியற்காலை அதைப் போட்டுக்கொண்டு நின்றால், வஞ்சிரத்தின் விலையை விட வேகமாக உங்களைப் பற்றிய செய்தி பரவும். சீருடையில் இருப்பவருக்கு அது நல்ல பொருள்தான். அவருக்கும் ஒரு குறிப்பு: நம் ஊர் வெக்கையில் குழாய்க்குள் வியர்வைத் துளி தேங்கி ஒலியை அடைத்துவிடும். செட் ரிப்பேர் என்று கொண்டுவருகிற புகார்களில் பலவற்றுக்குக் குழாயைக் கழற்றி உதறினால் போதும்.

மஃப்டிக்கு எளிதான வழி, சாதாரண செல்போன் இயர்போன் மாதிரியே இருக்கிற வயர் செட். ஒரு காதில் மட்டும் போடுங்கள். மறு காது தெருவுக்கு வேண்டும். இன்றைக்கு ஆட்டோ ஓட்டுகிறவரிலிருந்து கட்டடத் தொழிலாளி வரை காதில் ஏதோ ஒன்று வைத்திருக்கிறார்கள், அதனால் சந்தேகம் வராது.

புளூடூத் பட்ஸ் இன்னும் இயல்பாகத் தெரியும். ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். பட்ஸின் சார்ஜ் செட்டுக்கு முன்னாலேயே தீர்ந்துபோகும். இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை: செட்டின் புளூடூத் மற்றவர்களுக்குத் தெரியும் நிலையில் இருந்தால், பக்கத்தில் இருப்பவன் தன் பாட்டுப் பெட்டியை இணைக்கத் தேடும்போது அவன் போன் திரையில் உங்கள் ரேடியோவின் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் வரிசையில் வந்து நிற்கும். பெயரை மாற்றச் சொல்லுங்கள், இணைத்து முடித்ததும் தேடலில் தெரிவதையும் அணைக்கச் சொல்லுங்கள்.

கழுத்தில் சட்டைக்குள் ஒரு வளையம், காதுக்குள் பயறு அளவுக் கருவி என்று ஒரு வகை இருக்கிறது. வெளியே எதுவுமே தெரியாது. அது காந்தப்புலத்தில் வேலை செய்வதால் டிரான்ஸ்பார்மர் பக்கத்திலும், 25,000 வோல்ட் மின்கம்பி போகும் ரயில் பாதைகளின் ஓரத்திலும் ஓர் உறுமல் சேர்ந்து கேட்கும். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா நிலையங்களைச் சுற்றி வேலை இருந்தால் முன்கூட்டியே போய்ப் போட்டுப் பாருங்கள். விலையும் அதிகம், பொருளும் சிறியது. துண்டு உதறும்போது காணாமல் போகும்.

இயர்போன் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்?

பெரும்பாலான செட்டுகளில் இயர்போன் கழன்றதும் ஒலி தானாக வெளி ஸ்பீக்கருக்குப் போய்விடும். கண்ட்ரோல் ரூம் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை டீக்கடை முழுவதும் கேட்கும். மஃப்டி ஆள் வெளிப்பட்டுப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒருவர் தோள் இடித்தால் போதும்.

உள் ஸ்பீக்கரையே முழுதாக முடக்கும்படி அமைக்க முடிகிற மாடல் என்றால் மஃப்டி செட்டுகளில் அதைச் செய்துவிடுங்கள். முடியாத மாடல் என்றால், திருகிப் பூட்டும் வகை இணைப்பியைக் கேட்டு வாங்குங்கள், வயரை உள்பனியனில் ஓர் இடத்தில் கிளிப் போட்டு இழுவை அங்கேயே நிற்கும்படி செய்யுங்கள். ஒலியளவுக் குமிழைத் தேவைக்கு மேல் ஒரு கோடுகூடத் திருப்பி வைக்காதீர்கள். கழன்றாலும் முனகலாகத்தான் வரும்.

கிசுகிசுத்தால் எதிர்முனையில் புரியுமா?

பழைய அனலாக் செட்டில் ஓரளவு புரியும். டிஜிட்டலில் கிசுகிசுப்பு எடுபடாது. டிஜிட்டல் செட் உங்கள் குரலை அப்படியே அனுப்புவதில்லை. குரலின் அதிர்வையும் சுருதியையும் அளந்து எண்களாக்கி அனுப்புகிறது, மறுமுனை அந்த எண்களை வைத்து ஒரு குரலைத் திரும்பக் கட்டுகிறது. கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வே கிடையாது, வெறும் மூச்சு. அதனால் வெளியே வருவது தண்ணீர்க் குழாய்க்குள் யாரோ சீறுவது போல இருக்கும்.

அடங்கிய, சாதாரணக் குரலில் பேசுங்கள். மைக்கின் கெயினை, அதாவது ஒலியைப் பெரிதாக்கும் அளவை, கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லலாம். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் நின்றால், கூட்டிய கெயின் உங்கள் குரலுக்குப் பதில் ஏர் ஹாரனைத்தான் பெரிதாக்கும். இடத்தைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

எப்படி வைத்தாலும் சட்டைக் காலரைப் பார்த்துப் பேசாதீர்கள். மைக்கை நோக்கி முகம் தானாகத் திரும்பும், அது மனித இயல்பு. போனைக் கையில் எடுத்துக் காதோடு பிடித்துக்கொண்டு, பேசுவது ரேடியோவில் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினையே வராது.

பேசவே முடியாத இடத்தில் என்ன செய்வது?

பட்டனை மட்டும் அழுத்திப் பதில் சொல்வது உலகம் முழுக்க இருக்கிற பழைய வழி. டீம் லீடர் ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேட்க வேண்டும். 'எங்க இருக்கான்?' என்று கேட்டால் பட்டனில் பதில் சொல்ல முடியாது. 'வீட்டுக்குள்ளதான் இருக்கானா?' என்று கேட்டால் சொல்லலாம்.

ஒற்றை அழுத்தத்துக்கு எந்தப் பொருளும் வைக்காதீர்கள் என்பது என் கருத்து. பைக்குள் தவறுதலாக அழுந்துவது ஒருமுறைதான் அழுந்தும். இரண்டு அழுத்தம் ஆமாம், மூன்று அழுத்தம் இல்லை, எதுவுமே வரவில்லை என்றால் கேட்கவில்லை என்று பொருள். மௌனத்தை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டால் சிக்கல்தான்.

டிஜிட்டலில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டக்-டக் என்று வேகமாக அழுத்தினால் சேனல் கிடைப்பதற்குள் விட்டுவிடுவீர்கள், எதுவுமே போகாது. ஒவ்வொரு அழுத்தமும் சுமார் ஒரு நொடி. இதில் ஒரு லாபமும் உண்டு: அழுத்தியவரின் ஐ.டி. எதிர்முனைத் திரையில் தெரியும், அதனால் யார் பதில் சொன்னார் என்ற குழப்பம் இல்லை.

பட்டனை எங்கே வைப்பது? சட்டைக் கைக்குள் இறக்கி உள்ளங்கையில் வரும் வயர் பட்டன் உண்டு. நம் ஊரில் அரைக்கை சட்டைதான் வழக்கம், மே மாதத்தில் முழுக்கை போட்டால் அதுவே கண்ணில் படும். பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வயர்லெஸ் பட்டன் மேல். வாயைத் திறந்தாலே தானாக ஒலிபரப்பாகும் முறையை மட்டும் கேட்காதீர்கள். அது மேளத்துக்கும் ஒலிபரப்பாகும், மாநகரப் பேருந்துக்கும் ஒலிபரப்பாகும், சேனல் முழுக்க உங்கள் தெருச் சத்தமாக இருக்கும்.

செட்டில் முன்பே பதிந்து வைத்த குறுஞ்செய்திகளை அனுப்பும் வசதி இருந்தால் நான்கைந்து போதும்: வந்தான், கிளம்பினான், வண்டி மாறினான், உதவி வேண்டும். இருபது செய்தி போட்டு வைத்தால் தேடுவதற்குத் திரையைப் பார்க்க வேண்டிவரும்.

நான் பேசும்போது பக்கத்து ஸ்பீக்கரில் கர்ர்ர் என்று கேட்கிறதே?

கேட்கும். வட சென்னையில் இது உண்மையான தலைவலி. டி.எம்.ஆர். வகை டிஜிட்டல் செட் ஒரே அலைவரிசையை இரண்டு நேரத் துண்டுகளாகப் பங்கிடுகிறது, ஒவ்வொன்றும் 30 மில்லி செகண்ட். நீங்கள் பேசும்போது உங்கள் செட் 30 மில்லி செகண்ட் ஒலிபரப்பி, அடுத்த 30 மில்லி செகண்ட் நிறுத்தி, திரும்ப ஒலிபரப்புகிறது. நொடிக்குப் பதினாறு பதினேழு தடவை இப்படித் துடிப்பதைப் பக்கத்தில் உள்ள ஆம்ப்ளிபயரின் வயர்கள் ஆண்டெனாவைப் போல வாங்கி ஸ்பீக்கரில் உறுமலாகக் கொட்டும். டெட்ரா என்ற இன்னொரு டிஜிட்டல் வகையிலும் இதே குணம் உண்டு.

ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், மைக் செட் கட்டியிருக்கிறார்கள். அந்த ஆம்ப்ளிபயர் மேசைக்கு இரண்டடி தள்ளி நின்று பட்டனை அழுத்தினால் எல்.ஆர். ஈஸ்வரி குரலுக்கு நடுவில் கர்ர்ர் வரும். மைக் செட் போட்டிருக்கிற தம்பி உடனே சுற்றுமுற்றும் பார்ப்பார். அவருக்கு அந்தச் சத்தம் யாரால் வரும் என்று நன்றாகத் தெரியும், பந்தோபஸ்துக்கு வரும் போலீஸ்காரர்களால் அவர் பழகிய சத்தம்தான். துக்க வீடு, கட்சிக் கூட்டம், பாத்திரக் கடை வாசலில் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் எல்லா இடத்திலும் இதே கதை.

பத்துப் பதினைந்தடி தள்ளிப் போவதே பெரிய தீர்வு. அதோடு பவரைக் குறைக்கலாம்.

பவரைக் குறைத்தால் சிக்னல் போகுமா?

கைச் செட் வி.எச்.எஃப்.பில் (அலை நீளமான அலைவரிசை வகை) சாதாரணமாக 5 வாட், குறைந்த நிலையில் 1 வாட். ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் தூரமும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நிற்கும். உறுமல் குறையும், பேட்டரி நீடிக்கும். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டருக்கு நல்ல பார்வை உள்ள இடமென்றால் ஒன்றும் தெரியாது.

சவுகார்பேட்டைச் சந்துகளில் நான்கு மாடிக் கட்டடங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், குறைந்த பவர் ரிப்பீட்டரைத் தொடாமலே போகலாம். மண்ணடி, வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பவை. அங்கே இறங்கினால் நிலையத்துக்குள்ளேயே ஏற்பாடு இருந்தால் ஒழிய 5 வாட்டாலும் மேலே வர முடியாது. டீம் முழுக்க ஒரே தெருவில் இருக்கும்போது ரிப்பீட்டரை விட்டு, செட்டுக்குச் செட் நேராகப் பேசும் சேனலுக்கு மாறுவது நல்லது. கண்ட்ரோலுக்கு அது கேட்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒருவராவது மெயின் சேனலில் நிற்கட்டும்.

செட்டை உடம்பில் எங்கே மறைப்பது?

உடம்பு பெரும்பாலும் உப்புத் தண்ணீர், ரேடியோ அலையை உறிஞ்சும். இடுப்பில், சட்டைக்கடியில், ஆண்டெனா வயிற்றோடு ஒட்டியபடி செருகினால் சிக்னலில் பெரும்பகுதியை நீங்களே தின்றுவிடுவீர்கள். ஆண்டெனா உடம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி இருந்தாலே முன்னேற்றம் தெரியும்.

யு.எச்.எஃப். (அலை குட்டையான வகை) செட் என்றால் ஆண்டெனா குட்டை, மறைப்பது சுலபம். வி.எச்.எஃப்.பில் கால் அலை நீளம் அரை மீட்டர் வரை வரும், அதைச் சுருட்டிக் குட்டையாக்கியதுதான் கையில் இருக்கும் ரப்பர் ஆண்டெனா. அதை இன்னும் குட்டையாக்கினால் தூரம் குறையும். வளைத்து மடக்கிச் செருகுவது உள்ளே கம்பியை முறித்துவிடும், செய்யாதீர்கள்.

லுங்கியில் போகிறவர்களுக்கு பெல்ட் கிளிப் பயன்படாது. தோள்பை, மஞ்சள் பை, சாப்பாட்டுப் பை எல்லாம் சரி. எவர்சில்வர் டிபன் கேரியருக்குப் பின்னால் செட்டை வைத்தால் மட்டும் அலை அடைபடும். பையில் உலோகம் இல்லாத பக்கமாக, ஆண்டெனா மேல்நோக்கி நிற்கட்டும். பைக்கில் சீட்டுக்கு அடியில் பூட்டி வைத்துவிட்டு இயர்போன் மட்டும் காதில் இருந்தால் போதும் என்று சிலர் கேட்கிறார்கள். தகரப் பெட்டிக்குள் ரேடியோ வைத்த மாதிரி ஆகும், வேண்டாம்.

என்கிரிப்ஷன் போட்டால் யாரும் கேட்க முடியாதுதானே?

எந்த என்கிரிப்ஷன், எல்லா செட்டிலும் ஒரே சாவி, அதாவது பூட்டைத் திறக்கும் ரகசிய எண், இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அனலாக் சேனலை யார் வேண்டுமானாலும் கேட்க முடியும். டிஜிட்டல் என்பதாலேயே ரகசியம் ஆகிவிடாது. என்கிரிப்ஷன் இல்லாத டி.எம்.ஆர். பேச்சை மலிவான கருவியும் கம்ப்யூட்டரும் வைத்தே பிரித்துக் கேட்டுவிடலாம். அடிப்படை நிலை என்று விற்கப்படுவது வெறும் பேருக்கு, ஏ.இ.எஸ். 256 என்ற வலுவான முறை இருந்தால் அதைக் கேளுங்கள். டெட்ராவில் டி.இ.ஏ.1 என்ற முறையின் 80 பிட் சாவி உண்மையில் 32 பிட்டாகச் சுருங்குகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023இல் வெளிப்படுத்தினார்கள். ரகசியம் என்று நம்பி இருந்தவர்கள் பலருக்கு அது அதிர்ச்சி.

ஆனால் கணிதத்தைவிட அதிகம் சொதப்புவது சுவிட்ச்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் அமெரிக்க மத்திய அமைப்புகளின் பி25 என்ற டிஜிட்டல் வகை ரேடியோக்களைக் கவனித்தபோது, என்கிரிப்ஷன் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டே அதிகாரிகள் திறந்த சேனலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தகவல் கொடுப்பவர்களின் பெயர்கள்கூட அதில் வந்தன. செட்டில் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெளிவாகத் தெரியாததும் ஒரு காரணம். மஃப்டி சேனலில் அந்தச் சுவிட்ச்சுக்கே வேலை இல்லாதபடி, எப்போதும் என்கிரிப்ஷனோடு மட்டுமே போகும்படி பூட்டிவிடச் சொல்லுங்கள். சாவி மாற்றும் நாளில் ஒரு செட் விடுபட்டால், அதை வைத்திருப்பவர் காதில் இரைச்சல்தான் கேட்கும். அவர் அதை சிக்னல் கோளாறு என்று நினைத்துத் திறந்த சேனலுக்கு மாறுவார். கிளம்பும் முன் எல்லாரும் ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் போட்டு வைக்கலாமா?

மஃப்டி ஆளுக்கு வேண்டாம். ஸ்கேன் என்றால் செட் பல சேனல்களை மாறி மாறிக் கேட்கும். அது வேறு சேனலில் நின்றுகொண்டிருக்கும்போது உங்கள் டீமின் முதல் சொல் போய்விடும், பதில் சொல்லும்போது அது எந்தச் சேனலில் போகிறது என்பதும் குழப்பம். ஸ்கேன் டீம் லீடர் செட்டில் இருக்கட்டும்.

இதோடு எல்லை விஷயமும் உண்டு. 2022 தொடக்கத்தில் சென்னை மாநகரக் காவல் பிரிக்கப்பட்டபோது மணலி, எண்ணூர் பக்கம் ஆவடி ஆணையரகத்துக்குப் போனது. திருவொற்றியூரில் தொடங்கிய ஒரு பின்தொடர்தல் எண்ணூர் பக்கம் போனால் பக்கத்து ஆணையரகம். அவர்களோடு பேசும் சேனல் உங்கள் மஃப்டி வரிசையில் எந்த எண்ணில் இருக்கிறது என்று போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எமர்ஜென்சி பட்டனை என்ன செய்வது?

எடுத்துவிடாதீர்கள். மௌன முறைக்கு மாற்றுங்கள். அழுத்தியவர் செட்டில் ஒலியும் விளக்கும் வராது, எச்சரிக்கை மட்டும் போகும். சில செட்டுகளில் அதோடு மைக் தானாகச் சில நொடி திறந்து அக்கம்பக்கப் பேச்சையும் அனுப்பும், அது மிக உதவியானது. பைக்குள் அழுந்தாமல் இருக்க நீண்ட அழுத்தமாக வையுங்கள்.

எல்லாரும் மறக்கிற மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஒருவர் மௌனமாக அழுத்தினாலும், அதை வாங்குகிற மற்ற மஃப்டி செட்டுகள் எச்சரிக்கை ஒலியோடு அலறினால் நான்கு பேரும் ஒன்றாக வெளிப்படுவார்கள். வாங்கும் பக்கத்து ஒலி கண்ட்ரோலில் மட்டும் இருக்கட்டும், களத்தில் இருப்பவர்களுக்கு அதிர்வாகவோ இயர்போனில் மட்டுமோ வரட்டும்.

செட்டை மழை, மீன் தண்ணீர் ஒன்றும் செய்யாதே?

தூசி, தண்ணீர் தாங்கும் தரம் ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும். துணைக்கருவி இணைப்பின் மூடியைக் கழற்றி இயர்போன் போட்டபின் அந்தக் கணக்கு இணைப்பின் தரத்தைப் பொறுத்தது. காசிமேட்டில் உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் பட்டால் பித்தளைக் காலில் பச்சை பூக்கும். வீடு திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து, தொடர்பு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள்.

இந்த அமைப்பையெல்லாம் நானே மாற்றிக்கொள்ளலாமா?

மெனுவில் தெரிவதை மாற்றலாம். கோட்பிளக்கைக் கேபிள் போட்டு மாற்றுவது டெக்னிக்கல் பிரிவின் வேலை. கடையில் கொடுத்து மாற்றினால் சேனல் பட்டியல் முழுக்க வெளியே போய்விடும்.

அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: எல்லா செட்டையும் மௌனமாக்க வேண்டாம், தனியாக மஃப்டிக்கு ஒரு ஸோன், அதாவது சேனல் தொகுப்பு, வேண்டும். அதில் சேனல் குமிழின் இடங்கள் சாதாரண ஸோனில் இருப்பது போலவே இருக்க வேண்டும், அப்போதுதான் பையில் கைவிட்டு எண்ணித் திருப்ப முடியும். மௌன அமைப்பை ஒரு பக்கவாட்டுப் பட்டனின் நீண்ட அழுத்தத்தில் வைத்துக் கொடுக்கலாம், ஆனால் தவறாக அழுந்தி டிராபிக் டியூட்டிக்காரர் செட்டு ஊமையாகிவிடும் அபாயம் உண்டு. எனக்குத் தனி ஸோன்தான் பிடிக்கும்.

செட் தொலைந்துவிட்டால்?

உடனே சொல்லுங்கள், நாளை காலை தேடிப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். தூரத்திலிருந்தே முடக்கும் வசதி உள்ள செட்டை, அது ஆனில், சிக்னல் எல்லைக்குள் இருக்கும்போதுதான் முடக்க முடியும். பேட்டரி தீர்ந்தபின் செய்தால் பயனில்லை. என்கிரிப்ஷன் சாவியை மற்ற செட்டுகளில் மாற்றும் வேலையும் அதோடு தொடங்க வேண்டும்.

போலீஸ் அல்லாத நான் ஒரு வாக்கி டாக்கி வாங்கி இதையெல்லாம் செய்து பார்க்கலாமா?

போலீஸ் அலைவரிசையில் வேண்டாம். அனுமதியில்லாமல் ரேடியோக் கருவி வைத்திருப்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம், 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அதற்குத் தடை உண்டு. மற்றவர் தகவலைத் திருட்டுத்தனமாகக் கேட்பதும் சிறைவரை போகும். உரிமம் தேவைப்படாத குறைந்த பவர் செட்டுகள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உண்டு. ஆன்லைனில் வருவதெல்லாம் அந்த வகை இல்லை. அலைவரிசை விவரம் சொல்லாமல் விற்பதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் வழிகாட்டு நெறிகளே வெளியிட வேண்டி வந்தது.

வேலை முடிந்ததும் செட்டை அப்படியே ஸ்டேஷனில் வைத்துவிடலாமா?

வைக்காதீர்கள். மறுநாள் காலை அதே செட்டை ஏட்டையா ஒருவர் வடிவுடையம்மன் கோயில் பௌர்ணமிக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போவார். ஸ்பீக்கர் முடக்கம், பேட்டரி எச்சரிக்கை இல்லை, விளக்கு இல்லை. கண்ட்ரோல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், அவருக்கு ஒன்றும் கேட்காது. சாதாரண ஸோனுக்குத் திருப்பி, பீப் வருகிறதா என்று அழுத்திப் பார்த்து, இயர்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் ஒருமுறை பேசிக் கேட்டபின் சார்ஜரில் வையுங்கள். மஃப்டிக்கென்றே இரண்டு செட் தனியாக ஒதுக்க முடிந்தால் இந்த வேலையே மிச்சம்.